மொட்டைக் கணை

மேற்கே மலைத்தொடர் நீலத் துகில்போல் நெடுந்தொலைவில் விரிந்து கிடக்க, அதன் மறுபுறத்தே பெய்து தீர்ந்த முகில்கள் இப்புறம் வருங்கால் வெறும் பஞ்சுப் பொதிகளாய் மிதந்து செல்ல, கீழே கரிசல் நிலம் வெடித்து வாய்பிளந்து வான்நோக்கியிருக்கும் விருதுநகர்ச் சீமையிலே, சிவகாசிக்கு அணித்தாய் அமைந்த விஸ்வநத்தம் என்னும் ஊரை, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் புரட்டாசித் திங்களில், உச்சி கடந்து கதிரவன் சற்றே சாய்ந்த பொழுதிலே, வானிற் பறக்கும் பருந்தொன்று நோக்கியிருக்குமாயின், ஒன்றையொன்று தீண்ட அஞ்சி விலகி நிற்பனபோல் இடைவெளிவிட்டுக் கட்டப்பெற்ற வெண்ணிறச் சிற்றறைகளையும், அவற்றின் முன்னே வெயிலில் உலரப் பரப்பிய வாணங்களும் வெடிகளும் செம்மையும் பசுமையுமாய்க் கண்பறிக்கும் கல்மேடைகளையும், அவ்வறைகளின் வேலியை ஒட்டியே கதிர்முற்றி நிற்கும் மக்காச்சோளக் கொல்லைகளையும் கண்டிருக்கும். தீயை விற்று வாழும் அவ்வூரார், தீக்கு அஞ்சியே நாளெல்லாம் நடந்தனர்.

அக்கொல்லைகளுள் நான்கு குறுக்கம், ஏக்கர்க் கணக்கில் நான்கு, உக்கிரபாண்டிக்கு உரியது. ஓடைக்கரைக் கருவேலங்காட்டிலிருந்து வரும் காட்டுப்பன்றிகள் ஓரிரவில் அரைக்குறுக்கத்தை உழுதுபோட்டுச் செல்வது ஆண்டுதோறும் அவன் கண்ட துயரம். பிற ஊர் உழவர் வெடிகொளுத்தி அவற்றை வெருட்டுவர். தீப்பந்தம் ஏந்தி விரட்டுவர். வெடியாலையின் வேலியோரம் நிலம் வாய்த்த உக்கிரபாண்டிக்கோ ஒரு தீக்குச்சி உரசவும் வழியில்லை. ஆதலின், ஓசையும் ஒளியும் இன்றி நெடுந்தொலைவு சென்று தைக்கும் வில்லையும் அம்பையும் அவன் கைக்கொண்டான். தோள்வலியும் கூர்நோக்கும் உடைய அவன் சில ஆண்டுகளுள் அச்சுற்றுவட்டாரத்தில் வில்லாளன் என்று பெயர் பெற்றான். அப்பெயரில் அவனுக்குச் சிறிது செருக்கும் இருந்தது.

ஆனால், அவன் எய்த அம்புகளையெல்லாம் ஆக்கித் தந்தவள் அவன் மனைவி அழகுமீனா என்பதை அறிந்தார் மிகச் சிலரே. எவரும் கற்பித்து அவள் அத்தொழிலைக் கற்றாளில்லை. கடையில் வாங்கிய அம்பு வளைந்து சென்றதேன் என்று ஒருநாள் அதனைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியவள், பார்த்துப் பார்த்தே கைவந்தவளானாள். ஓடையில் விளைந்த நாணலுள் கணு நெருங்காதவற்றைத் தேர்ந்து அறுத்து, நிழலில் உலர்த்தி, வீட்டடுப்பின் தணலில் இதமாய்க் காட்டி, கோணல் கண்ட இடத்தைப் பெருவிரலால் நீவி நிமிர்த்துவாள். கொல்லையில் மயில்கள் உதிர்த்த இறகுகளை நடுத்தண்டோடு பிளந்து, மும்மூன்றாய் வைத்து, நூல்சுற்றிப் பிசின் பூசி இறுக்குவாள். கொல்லுலையில் அடித்து வாங்கிய இரும்பு முனையை இறுதியாய்ச் செருகுவாள். முடிந்த அம்பை விரல்மேற் கிடத்தி அது எப்பக்கம் சாய்கின்றது என்று அவள் நோக்கி நிற்கும் நிலை, தொட்டிலில் உறங்கும் மகவின் மூச்சை உற்றுக்கேட்கும் தாயின் நிலையை ஒத்திருக்கும்.

முந்தைய ஆண்டில் நிகழ்ந்ததொன்று அவள் உள்ளத்தை மாற்றியது. காட்டுவிலங்கைக் கொல்லலாகாது என்று நாட்டுச் சட்டம் தடுத்திருந்தும், ஒருமாலை வேட்டை விருப்பு மீதூர உக்கிரபாண்டி எய்த அம்பு ஒரு பன்றியின் விலாவில் தைத்தது; அது தைத்த அம்போடே ஓடி மறைந்தது. மூன்றாம் நாள் விறகு பொறுக்கச் சென்ற அழகுமீனா ஓடைக்குள் அதனைக் கண்டாள். உயிர் அப்போதும் பிரியவில்லை. ஈக்கள் மொய்த்த புண்ணினின்று நீண்டிருந்த கணையில், தான் கட்டிய மயிலிறகு காற்றில் அசைவதைக் கண்டு அவள் அவ்விடத்தே அமர்ந்துவிட்டாள். பொழுது சாயுமுன் அவ்விலங்கு அடங்கியது. அன்றுதொட்டு அவள் இரும்பு முனைக்கு மாற்றாய்ப் புளியமரத்தின் வைரக்கட்டையைச் செதுக்கி, இலந்தைக்கனி அளவில் மழுங்க உருட்டி, அம்பின் தலையிற் பொருத்தலானாள். அடிபட்ட விலங்கு வலித்து ஓடுமேயன்றிச் சாகாது. முனை கனத்ததால் அம்பு விரைவில் தாழ்ந்தது. எனவே தனக்கென ஒரு சிறுவில் வளைத்துக்கொண்டு, ஆளில்லாப் பகற்பொழுதுகளில் வைக்கோற் பொதியை நோக்கி எய்து எய்து அதன் தாழ்வையும் தயக்கத்தையும் அளந்தறிந்தாள்.

உக்கிரபாண்டி அதனைக் கையிலெடுத்துப் பார்த்து நகைத்தான். “மொட்டை அம்பு! இதைப் போட்டா பன்றி முதுகு சொறிஞ்சுவிட்டதுன்னு நினைச்சுக்கிடும்ளா” என்றான். அவள் அதனை வாங்கிக் கொல்லைக் காவற்குடிலின் மூலையில் வைத்தாள். அவன் இரும்புக் கணையையே தொடர்ந்து எடுத்துச் சென்றான்.

நாம் சொல்லத் தொடங்கிய அப்பொழுதில் இருவரும் கொல்லையின் மேற்குக் கடையில் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தனர். வெடியாலையின் மேற்பார்வையாளரான அப்துல் ஹக்கீம், வேலியின் இடுக்கு வழியே செருப்பின்றி ஓடிவந்தார். விருதுநகரில் வணிகக் குடியிற் பிறந்து, எந்நாளும் மடிப்புக் கலையாத வெள்ளுடையில் நிதானமாய் நடப்பவர். அன்று அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“அண்ணாச்சி, வெரசா வாங்க! கலவை அறை வாசல்ல ஒத்தப்பன்றி வந்து படுத்திருக்கு. உள்ளே நாலு பொம்பளையாளுக இருக்காக.”

“மறுவாசல் வழியா வெளியேற வேண்டியதுதானே?” என்றான் உக்கிரபாண்டி.

ஹக்கீம் தலைகவிழ்ந்தார். “தீபாவளி நெருங்கிருச்சு, காயப்போட இடமில்லைன்னு மறுவாசல் முன்னாலேயும் சரக்கைப் பரப்பச் சொன்னேன். கால்வைக்க இடமில்லை, அள்ளப்போனா அரவத்துல பன்றி மிரளும். என் தப்புதான்.”

நீர்வேட்கை மிக்கு வந்த அப்பன்றி, தீயணைக்கவென்று வாயிலருகே வைத்திருந்த தொட்டியிற் குடித்துக் கவிழ்த்து, அச்சேற்றிலே படுத்துவிட்டது. ஆள் அணுகினால் எழுந்து உறுமிக் கதவுநிலையில் முட்டுகின்றது. உள்ளேயோ திறந்த தட்டங்களில் வெடியுப்பும் கந்தகமும் வெள்ளிப்பொடி எனப்படும் அலுமினியத் தூளும் குவிந்திருந்தன. மிரண்டு அது அறையினுட் பாய்ந்தாற் போதும்.

உக்கிரபாண்டி வரப்பில் கிடந்த அம்புத்தூணியை வாரியெடுத்தான். ஹக்கீம் அவன் கையைப் பற்றினார். “இரும்பு வேண்டாம் அண்ணாச்சி. உள்ளே நாங்க ஆணி கூடக் கொண்டுபோறதில்லை. கல்லுல உரசி ஒரு பொறி தெறிச்சா எல்லாம் முடிஞ்சுது.”

அவன் தூணியை மீண்டும் வரப்பிலேயே வைத்தான். அழகுமீனா காவற்குடிலுக்குள் ஓடித் தன் சிறுவில்லையும் மூன்று மொட்டைக் கணைகளையும் கொணர்ந்து கணவனிடம் நீட்டினாள். அவன் ஒரு கணையை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தான். தன் புகழும், இத்தனை நாள் நகைத்த நகைப்பும், உள்ளே நடுங்கும் நான்கு உயிர்களும் ஒருங்கே அவன் நெஞ்சில் வந்து நின்றன போலும். கணையை அவள் கையிலேயே திரும்ப வைத்தான்.

“என் கை இரும்பு அம்புக்குத்தான் பழகியிருக்கு. இதோட போக்கு உனக்குத்தான் தெரியும். நீயே போடு, மீனா.”

“நானா? வைக்கோலைத் தவிர ஒன்னையும் அடிச்சதில்லைங்க.”

“என்னைக்காவது பொதி தப்புச்சா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன? நான் தெக்கு வேலியைப் பிரிச்சு வழிவிட்டு நிக்கேன்.”

அவள் இடுப்பிற் செருகியிருந்த இரும்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து வரப்பில் வைத்தாள், செருப்பைக் கழற்றினாள். ஆலைக்குள் வெறுங்காலோடு புகுந்து, வடக்கு மண்மேட்டின் மறைவில் இருபது அடித் தொலைவில் நின்றாள். வேலையாட்களெல்லாம் வேப்பமரத்தடியில் மூச்சடக்கி நின்றனர். பன்றி தெற்குநோக்கிப் படுத்திருந்தது. கரும்பாறையொன்றுக்கு மயிர் முளைத்தாற்போல் இருந்தது. திறந்த வாயிலின் உள்ளே சொர்ணலட்சுமி என்பாள் மற்ற மூவரையும் தன் முதுகுக்குப் பின்னே ஒதுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பது தெரிந்தது.

அழகுமீனா குறியினின்று ஒரு சாண் மேலே நோக்கி நாணை விடுத்தாள். கணை தாழ்ந்து சென்று பன்றியின் பின்தொடையில் மொத்தென்று மோதிற்று. அது துள்ளியெழுந்தது, ஆனால் அவர்கள் எண்ணியவாறு தெற்கே ஓடாமல், வலித்த திசை அறியாது சுழன்று, முன்கால்கள் வாயிற்படியில் ஏற, தலையை அறைக்குள் நீட்டி நின்றது. உள்ளே ஒருத்தி வீறிட வாய்திறக்க, சொர்ணலட்சுமி அவ்வாயைத் தன் கையாற் பொத்தினாள்.

இனி உடலின் எப்புறம் அடிபட்டாலும் பன்றி உள்ளேதான் பாயும். அறைக்குள் நீண்ட தலையின் வடபுறக் கன்னத்தில் அடிபட்டாலன்றி அது தெற்கே, வெளிப்புறம் திரும்பாது. கதவுக்கும் அதன் காதுக்கும் இடையே ஒரு கையகல வெளிதான் இருந்தது. அழகுமீனா மண்மேட்டைவிட்டு வெளியே வந்து நான்கடி முன்னே சென்றாள். மறைவு நீங்கியதை அவள் உணர்ந்தாளில்லை. வெயிலும் ஆலையும் நிற்போரும் அவள் கண்ணைவிட்டு அகன்று, அக்கையகல வெளி ஒன்றே எஞ்சியது. இரண்டாம் கணை கதவின் ஓரத்தை உராயாமல் நுழைந்து, பன்றியின் செவியடியில் அறைந்தது. அது தலையை உதறி, உடலை வெளிப்புறம் திருப்பி, ஒரே பாய்ச்சலாய்த் தெற்கே ஓடிற்று. வேலித்தூணை அணைத்துக்கொண்டு நின்ற உக்கிரபாண்டியின் முழங்காலை உரசிச் சென்று ஓடைக்காட்டில் மறைந்தது.

சொர்ணலட்சுமி வெளியே வந்து, வெள்ளிப்பொடி படிந்த இரு கைகளாலும் அழகுமீனாவின் கைகளைப் பற்றினாள்.

“மதினி, உங்க கை என் கையைவிட நடுங்குதே!”

“எய்யுற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்று சொல்லி அழகுமீனா சிரித்தாள். அச்சிரிப்பு வேப்பமரத்தடிக்கும் பரவிற்று. ஹக்கீம் மட்டும் சிரிக்கவில்லை. தாமே மறுவாயிலின் முன் மண்டியிட்டு, பரப்பியிருந்தவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து அகற்றத் தொடங்கினார். “இனிமே இந்த வாசல் அடைபடாது, தங்கச்சி. எம்புட்டு நெருக்கடி வந்தாலும் அடைபடாது” என்றார். அச்சொல்லை அவர் காத்தார். அப்பருவத்தில் ஆலை சில பொதிகள் குறைவாகவே அனுப்பியது என்பர்.

உக்கிரபாண்டி அன்று மாலை கடைத்தெருவில் தன்னைச் சூழ்ந்து பாராட்ட வந்தோரிடம், “நான் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அம்புட்டுதான். அம்பைச் செஞ்சவளும் அவதான், போட்டவளும் அவதான்” என்று ஒளிக்காமல் உரைத்தான். இதற்குமுன் அவன் எய்த அம்புகளும் அவள் செய்தவையே என்பதை ஊர் அன்றுதான் அறிந்தது. அடுத்த கிழமை, தாழ்ந்து செல்லும் கணைக்குக் குறிவைக்கும் முறையை அவன் அவளிடமே கேட்டு, வைக்கோற் பொதியைப் பன்முறை தப்பவிட்டான். அவள் தன் சிரிப்பை முந்தானையில் மறைக்க முயன்றாள்; அவன் அதைக் கண்டும் காணாதவன்போல் அடுத்த கணைக்குக் கைநீட்டினான். அவ்வாண்டு கதிர்களில் ஒருபங்கு பன்றிக்குப் போயிற்று, மூன்று பங்கு களத்துக்கு வந்தது. இருவரும் அதற்கு நிறைவே கொண்டனர்.

கொல்ல வல்ல ஆற்றல் கண்டு ஊர் வியப்பது எளிது. காக்குமளவே கருவியைக் கூர்தீட்டும் அறிவோ பலகாலம் ஒரு மூலையில் எவரும் நோக்காது கிடக்கும். அவ்வறிவு உடையாள் ஒருத்தியும், வேண்டிய பொழுதில் தன் பெயரைப் பின்னிறுத்தி அவளுக்கு வழிவிட வல்லான் ஒருவனும் ஒரே கூரையின்கீழ் வாழ வாய்த்ததால், நான்கு இல்லங்களில் அன்றைய மாலை விளக்கு என்றும்போல் ஏற்றப்பட்டது.