பதினெட்டாம் அறை

றிம்சானின் ஆள் ஏழாவது தடவையாகப் பள்ளத்தில் விழுந்து செத்தபோது, திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற அவனுடைய மாமி றபீக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

கலியாணம் முடிந்து பதினாறு நாள். கல்முனைக்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். றிம்சானும் வந்தான், இரண்டு சூட்கேசும் ஒரு கேம் பெட்டியுமாக. புது மருமகன் முன்னால் மாமி நின்று கதைப்பது மரியாதை இல்லை என்பது றபீக்காவின் கட்சி. சோறு, தேத்தண்ணி, சுகம் விசாரிப்பு எல்லாம் மகள் ஆதிலா வழியாகத்தான் போய்வந்தன. ஆனால் திரைச்சீலையில் ஒரு கண் அளவுக்கு இடைவெளி இருந்தது.

அந்தக் கண்ணுக்கு இந்த விளையாட்டு புதிதே இல்லை. எண்பத்தெட்டில் அவளுடைய வாப்பா குவைத்திலிருந்து ஒரு கம்பியூட்டர் கொண்டுவந்தார். கேசட்டைப் போட்டால் வெகுநேரம் கீச்சிட்டுவிட்டு, அறை அறையாக ஒரு விளையாட்டு வரும். அறைக்கு ஒரு சாவி, ஒரு கதவு. ஆளுக்கு மூன்று உயிர். பதினொரு வயது றபீக்கா கடைசி அறையான பதினெட்டுவரை போய், கதவுக்கு முன்னால் மூன்றாவது உயிரையும் விட்டாள். மறுநாள் டேப் ரெக்கோடர் நாடாவைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு கலியாணம் வந்தது, பிள்ளை வந்தது, சுனாமியில் வீடு கடலோடு போய் வேறு வீடும் கட்டியாயிற்று. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அது அவளுக்கு உண்மையான கவலை.

இப்போது ரீவியில் புல் அசைகிறது, தண்ணீர் மினுங்குகிறது. உடுப்புத்தான் புதிது, எலும்பு அதே எலும்பு. சாவி, கதவு, மூன்று உயிர், பதினெட்டு அறை. றிம்சான் நிற்பதும் அதே கடைசி அறையில்தான். காவல்காரன்கூட அன்றைக்குப் போலவே ஐந்து அடி நடந்து, இரண்டு மூச்சு நின்று திரும்புகிறான்.

"இந்தக் கேம அழிச்சிப்போட்டு கார் ரேஸ் போடப்போறன்" என்றான் றிம்சான்.

றபீக்கா சமையலில் நின்ற ஆதிலாவிடம் குசினிக்கு ஓடினாள். "புள்ள, மாப்பிளட்டச் செல்லு. காவல்காரன் நடக்கக்குள்ள பாய வேணாமாம்."

ஆதிலா மீன் கழுவிய கையோடு போய்ச் சொல்வதற்குள் அவன் பாய்ந்து செத்திருந்தான். அடுத்தது, "இப்ப பாயட்டாம்." செய்தி போய்ச் சேர்ந்தபோது காவல்காரன் திரும்பி வந்துவிட்டான்.

"அடுப்பில எனக்கு ஆணம் கருகுது உம்மா. ரெண்டு பேரும் நேரா கதைங்க!"

ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். றபீக்கா திரைச்சீலைக்குத் திரும்பி வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மகன், பாயாதங்க!"

மாமி அவனிடம் பேசிய முதல் பேச்சு. றிம்சான் பதறி எழும்பியே நின்றுவிட்டான்.

"இது... பழைய ஆக்கள்ற கேமப் பாத்துச் செஞ்சதாம் மாமி."

"அந்தப் பழைய ஆள் நான்தான். தாங்க அந்த ரிமோட்ட."

திரைச்சீலைக்குள்ளிருந்து வளையல் போட்ட கை ஒன்று நீண்டது.

அஸர் தொழுதுவிட்டு வந்த அவள் கணவர் முஸ்தாக் வாசலில் நின்றார். மருமகன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறான். ரீவியில் ஆள் தன்பாட்டில் ஓடுகிறான். திரைச்சீலை குலுங்குகிறது.

"மகன், ஆரு விளையாடுற?"

மருமகன் மரியாதையாக நிலத்தைப் பார்த்தான்.

"றபீக்கா, தேத்தண்ணி..."

"கொஞ்சம் பொறுங்க. நான் எத்தின வருஷமாப் பொறுத்திரிக்கன்."

காவல்காரன் ஐந்து அடி நடந்தான். நின்றான். ஆள் பாய்ந்து, அந்தப் பக்கம் போய், சாவியைக் கதவில் வைத்தான்.

திரைச்சீலை ஒதுங்கியது. றபீக்கா வெளியே வந்து மருமகனுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள். முக்காடு தோளில் கிடந்தது. ஆதிலாவும் அகப்பையோடு வந்து நின்றாள். குசினியிலிருந்து ஆணம் கருகும் மணம் வந்தது, ஒருவரும் அசையவில்லை. கதவு விரலளவு திறந்தது.