நெஞ்சின் மேல் ஒரு கடல்நாய்

விடிந்தபோது விரிகுடாவைப் பனிமூட்டம் முழுசாக விழுங்கியிருந்தது. சிப்பிப் பண்ணைக்குக் கிளம்பிய கிளைவ், மனைவி க்ளெனிஸ் வாசற்படியில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

"ஒரு கடல்நாய் என் நெஞ்சு மேல ஏறிப் படுத்திருக்கு, கிளைவ். ஈரமா, கனமா. எறங்கவே மாட்டேங்குது."

கிளைவ் பண்ணைக்குப் போகும் யோசனையை விட்டான். அவளுடைய இருமுனை மனநோயோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவன் அவன். தூக்கம் போய், பேச்சில் கடலும் நிலவும் புகுந்தால் அடுத்து என்ன வருமென்று அவனுக்கு அத்துப்படி. தெளிவாக இருந்த ஒரு நாளில் அவளே சத்தியம் வாங்கியிருந்தாள்: நான் தூங்காத நாளில் என்ன சொன்னாலும் நம்பாதே, நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

இந்த நோய்க்காரர்களுக்குப் பத்து வருட ஆயுசாவது குறைகிறது என்று மனநல மருத்துவர் ஒருமுறை சொன்னபோது, அவள் குதித்துவிடுவாளோ என்று கிளைவின் மனசு நேரே கடலோரப் பாறை விளிம்புக்குத்தான் ஓடியது. அதிகம் பேரைக் கொண்டுபோவது உடம்பு நோய்தான், முக்கியமாக இதயம் என்று அந்த மருத்துவரம்மா சொன்ன மீதி அவன் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து கார் சாவியை ஒளித்தான், படகுக்குப் பூட்டுப் போட்டான். நல்லவன்தான், பாவம். காவலை வேறு வாசலில் வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் வழக்கம்போல முதலில் நோயின் பெயரைச் சொன்னான். நர்ஸின் முகம் சட்டென்று கனிந்தது. க்ளெனிஸ் கடல்நாயின் மீசையைக்கூட வர்ணித்தாள். அவளை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் சாலை, கடல், வானம் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தன. கார் தண்ணீருக்குள் போவதுபோல் மெதுவாகப் போயிற்று. அவள் கண்ணாடியில் சாய்ந்து, கரையே இல்லாத ஊருக்கு வந்துவிட்டோம் என்று முணுமுணுத்தாள். கிளைவ் கேட்டும் கேட்காதவனாக ஓட்டினான்.

மதியம் சோபாவில் படுத்திருந்தவளின் கையைத் தொட்டான். சில்லென்றிருந்தது.

"இப்ப தாடை வரைக்கும் வந்துடுச்சு," என்றாள். "கிளைவ், எனக்கு அந்த நோய் ஏறும்போது பயமே இருக்காது. அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"இப்ப பயமா இருக்கு."

அவன் அவளை அப்படியே அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினான். அவளுக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை உடைத்து, தூங்காத க்ளெனிஸை முதல்முறையாக நம்பினான். நம்பியதும் அவனுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ஆட்கள் மாறியிருந்தார்கள். "என் பொண்டாட்டிக்கு நெஞ்சு வலி. தாடை வரைக்கும் இழுக்குது," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நாலு பேர் ஓடிவந்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள், நகரத்துக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டரை வரவழைத்தார்கள்.

பிழைத்துவிடுவாள் என்றார் டாக்டர். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கும் என்றார். "காலையிலேயே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

கிளைவ் சட்டைப் பையிலிருந்து அவளுடைய மனநோய்க்கான லித்தியம் மாத்திரைப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"வந்தோம் டாக்டர். காலையில இவ நோயைச் சொன்னேன். இப்ப வலிய மட்டும் சொன்னேன்."