மூன்றாம் நிலையில் பெக் கில்சூ

ஆங்கில வகுப்பில் சேருவதற்கான தேர்வு முடிந்ததும் ஆசிரியை யொன்ஜு தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பெக் கில்சூதான் முதலில் வாயைத் திறந்தார்.

"முதல் நிலையில யார் யார் இருக்காங்க?"

"கடை வச்சிருக்கறவங்க, வீட்டுப் பெண்கள், எல்லாரும் நல்லவங்கதான் ஐயா. உங்க தம்பி மருமக பொக்ஹிகூட அதுலதான் படிக்கிறாங்க."

"அப்ப அது எனக்குச் சரிப்படாது."

தேர்வில் அவர் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். அதற்குமேல் கேட்டதற்கெல்லாம் யோசிப்பவர்போலத் தலையை அசைத்தார். அவருக்கு உரிய இடம் எதுவென்பதில் யொன்ஜுவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எழுபதைத் தாண்டிய மனிதரிடம், அதுவும் பெக் குடும்பத்துப் பெரிய வீட்டின் மூத்தவரிடம், தம்பி மருமகளுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள் என்று சொல்ல பெரியவர்களுக்கான மரியாதைக்குக் கொரியா முழுக்கப் பேர்போன ஆண்டோங்கில் பிறந்த ஒருத்திக்கு நாக்கு எழாது. எழவில்லை. எல்லாவற்றுக்கும் மேலான மூன்றாம் நிலை என்று எழுதினாள்.

அவர் படிக்க வந்ததற்குக் காரணம் இருந்தது. மகள் ஹேரின் கனடா நாட்டுப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப்போகிறாள். பையனின் பெற்றோர் இலையுதிர் காலத்தில் வருகிறார்கள். இரண்டு குடும்பமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். தாயில்லாத பெண். கூடப் பேச அப்பா ஒருவர்தான்.

"நான் மொழிபெயர்க்கறேன்பா. நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று ஹேரின் சியோலிலிருந்து போனில் கேட்டாள்.

"பெண் கொடுக்கற தகப்பனுக்கு இரவல் வாய் எதுக்கு? அன்னிக்கு நீ குனிஞ்ச தலை நிமிராம உட்கார்ந்திரு. நான் பேசிக்கிறேன்."

வகுப்பில் எல்லாருக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. பேசக் கூச்சம் போகட்டும் என்று யொன்ஜு செய்த ஏற்பாடு. பொக்ஹிக்கு ஜூலி. மின்சார வாரியத்துக்காரருக்கு ராபர்ட். கில்சூ மறுத்துவிட்டார்.

"எங்க தலைமுறைக்குன்னு வம்சத்துல வர்ற எழுத்தைச் சேர்த்து எங்க தாத்தா வச்ச பேரு. அதைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு பீட்டர்னு உள்ளே வரணுமா?"

மூன்றாம் நிலையில் செய்தித்தாள் விஷயங்களைப் பற்றி விவாதம் நடக்கும். அவர் வந்த நாளிலிருந்து அந்த அறை அடங்கிப்போயிற்று. மூத்தவர் பேசாமல் இளையவர்கள் எப்படிப் பேசுவது? எந்தக் கேள்விக்கும் முதல் வாய்ப்பு அவருக்குத்தான் வந்தது. அவர் மனப்பாடம் செய்துவைத்த வாக்கியங்களில் ஒன்றை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார். 'இது எங்கள் குடும்பத்துக்குப் பெருமை.' 'தங்கள் விருப்பப்படியே ஆகட்டும்.' பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மாவட்ட அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலைபார்த்த சாங்தே, "அருமையா சொன்னீங்க சார்" என்று கொரிய மொழியில் தலை தாழ்த்துவார். ஆசிரியையும் மற்றவர்கள் முன்னால் அவரைத் திருத்தவில்லை. தனியாகச் சொல்லலாம் என்று நினைத்து ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் முதல் நிலை ஒரே இரைச்சலாக இருக்கும். ஒருநாள் கில்சூ அந்த வழியாகப் போகையில், பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வாக்கியத்தைக் கத்திக்கொண்டிருந்தார்கள். பொக்ஹி அவரைக் கண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"என்னம்மா இது, சந்தை மாதிரி?"

"'எனக்குப் புரியலை, இன்னொரு தரம் சொல்லுங்க'ன்னு படிக்கிறோம் பெரிய மாமா. முதல் பாடமே இதுதான். இதை வச்சே நான் ஒரு வெள்ளைக்காரிக்குக் கருவாடு வித்துட்டேன்."

"புரியலைங்கறதை இப்படியா ஊருக்குக் கேட்கற மாதிரி சொல்றது?" என்றபடி அவர் தம் அறைக்குப் போனார்.

சம்பந்தி விருந்துக்கு ஆற்றோரத்தில் ஒரு நல்ல உணவகத்தில் தனி அறை எடுத்திருந்தார்கள். பையனின் தகப்பனார் உயரமான மனிதர். தரையில் கால் மடித்து உட்காரத் தடுமாறினாலும் சிரித்த முகமாக இருந்தார். உப்புக் கானாங்கெளுத்தி வந்தது, சோஜு மது வந்தது. கில்சூ எழுந்து நின்று தம் வரவேற்புரையைப் பிழையில்லாமல் சொன்னார். தம்பி மகனும் பொக்ஹியும் பெருமையோடு பார்த்தார்கள். ஹேரினின் கண்கள் பளபளத்தன. அப்பா மூன்றாம் நிலையில் இருக்கிறார் என்று அவள் மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள்.

அதை நம்பித்தானோ என்னவோ, அந்தத் தகப்பனார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நீளமாகப் பேச ஆரம்பித்தார். கில்சூவின் காதில் 'கல்யாணம்' விழுந்தது. 'வீடு' விழுந்தது. பிறகு 'சிரமம்'. மற்றதெல்லாம் வெள்ளமாக ஓடிப்போயிற்று. முடிவில் அந்த மனிதர் கேள்வியாகப் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார்.

ஹேரின் நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளைக் கில்சூ கையசைத்து அடக்கினார். மேஜையைச் சுற்றித் தம் குடும்பம் முழுவதும் தம்மைப் பார்த்திருக்க, வகுப்பில் எத்தனையோ முறை சொல்லி ஒருவரும் மறுக்காத அந்த வாக்கியத்தைக் கம்பீரமாகச் சொன்னார்.

"தங்கள் விருப்பப்படியே ஆகட்டும்."

பையனின் பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். ஹேரின் தட்டைப் பார்த்துக் குனிந்தவள் சாப்பாடு முடியும்வரை நிமிரவில்லை. அடக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

திரும்பும்போது தம்பி மகன் வண்டியை ஓட்டினான்.

"சரிப்பா. நீங்க சொன்னபடியே கல்யாணத்தைக் கனடாவுலயே வச்சுக்கறோம்" என்றாள் ஹேரின்.

கில்சூ திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம வீட்டு முற்றத்துலதான் நடக்கணும்னு நான் கேட்டிருந்தேன். அவங்களும் சம்மதிச்சுத்தான் வந்தாங்க. உங்களுக்குத்தான் வயசாச்சே, சிரமமா இருந்தா எங்க ஊர்லயே சுருக்கமா முடிச்சுடலாமா, நீங்க அவ்வளவு தூரம் வந்து அலையவும் வேண்டாம்னு ஒரு மரியாதைக்குக் கேட்டாரு. நீங்க உடனே ஒத்துக்குவீங்கன்னு அவரே எதிர்பார்க்கலை."

பொக்ஹி மெல்ல இருமினாள். தம்பி மகன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தமக்குப் புரியவில்லை என்று சொல்ல அந்த வண்டியில் ஒரு நிமிஷம் போதும். ஆனால் கேட்பதற்குத் தம்பி மகனும் அவன் மனைவியும் இருந்தார்கள். சம்பந்தியோடு நானே பேசுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த மூத்தவர் அவர்.

"யோசிச்சுத்தான் சொன்னேன்" என்றார்.

மறுநாள் காலையில் ஹேரினை ரயிலேற்றிவிடப் போனபோது, தம்பி மகனை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் நடைமேடைவரை வந்தார். உண்மையைச் சொல்லிவிடும் உத்தேசத்தோடுதான் வந்தார். ராத்திரி முழுக்கச் சொற்களை அடுக்கிவைத்திருந்தார். 'அம்மா, அந்த மனுஷர் பேசினது எனக்கு ஒண்ணும் விளங்கலை.' அவ்வளவுதான். சொன்னால் ஹேரின் ஒரு போன் செய்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவாள்.

அவளே முந்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லுங்கப்பா. வெள்ளைக்கார மாப்பிள்ளை நம்ம முற்றத்துல நின்னா, உறவுக்காரங்க ஏதாவது பேசுவாங்கன்னுதானே ஒத்துக்கிட்டீங்க?"

அப்படி ஓர் எண்ணம் அவருக்கு இல்லை. தொடக்கத்தில் இருந்தது. சித்திரை வெயிலில் பனி போவதுபோல எப்போதோ போய்விட்டது. முற்றத்தில் எந்த இடத்தில் பாய் விரிப்பது, திரை எங்கே கட்டுவது என்றெல்லாம்கூடத் தமக்குள் முடிவுசெய்திருந்தார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் மற்றதையும் சொல்ல வேண்டும். பொய்யாக மூன்றாம் நிலையில் உட்கார்ந்திருந்த கதையையும் சேர்த்து. மகளின் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து, அப்பாவுக்குத் தெரியாதது இல்லை என்று நம்பி வளர்ந்த முகம்.

"குடும்பம்னா நாலும் யோசிக்கணும்" என்றார்.

ஹேரின் தலையசைத்தாள். ரயில் வந்து நின்றது. பெரியவர்களை வணங்குகிற முறைப்படி இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். ஒரு குறையும் சொல்ல முடியாத வணக்கம். அந்நியர்களையும் அவள் அப்படித்தான் வணங்குவாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். நடைமேடைப் பக்கத்து ஜன்னலோரம் இடம் இருந்தும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அவர் வண்டிக்குத் திரும்பியதும், "ஹேரின் ஏதாவது சொன்னாளா பெரியப்பா?" என்று தம்பி மகன் கேட்டான்.

"ஒண்ணுமில்லை. வண்டியை எடு."