மெல்லப் போ, எர்ல்

டோனட் கடை முன்னால் லைல் தன் அப்பாவின் ஹாட் ராட் பந்தயக் காரை நிறுத்தியதுமே கூட்டம் மொய்த்துக்கொண்டது. பேக்கர்ஸ்ஃபீல்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய கார்க்காரர்களுக்கு அந்த வாசல்தான் கோயில். மற்ற நாளாக இருந்தால் லைலுக்குத் தலைகால் புரிந்திருக்காது. இன்று தெருக்கோடியையே பார்த்துக்கொண்டு நின்றான். தங்கை கோரி வருகிறாள்.

அப்பா எர்ல், 1932-ஆம் வருஷத்து ஃபோர்டில் கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி எறிந்து, பெரிய எஞ்சினைப் பூட்டி, வறண்ட ஏரிப் படுகையில் பேய் மாதிரி ஓட்டியவர். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அம்மா, சமையலறை அலமாரிக்கு அடித்து மீந்த வெள்ளைப் பெயின்டை எடுத்துக் கார்க் கதவிலேயே எழுதிவிட்டாள்: ‘மெல்லப் போ, எர்ல்.’ கடைசி எழுத்தில் பிரஷ் முடி ஒன்று ஒட்டி அப்படியே காய்ந்துபோனது. கோரிக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். முகம்கூட நினைவில்லை அவளுக்கு. கராஜில் உட்கார்ந்து அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே போவாள். முடி தட்டுப்பட்ட பிறகுதான் சாப்பிட எழுந்து வருவாள்.

அப்பா இறந்தபோது தன் பங்கையும் அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தாள். “வண்டி முழுசா நீயே வச்சுக்கோ. என்ன வேணா பண்ணிக்கோ. அந்தக் கதவை மட்டும் தொடாதே, லைல்.”

வண்டியைச் சீர்செய்யும் வேலையை நன்றாகத்தான் செய்துகொண்டு வந்தான் மகராசன். பிரேக்கும் வயரிங்கும் புதிது; எஞ்சின் அதே பழைய எஞ்சின், பிரித்து மாட்டியது. கிழிந்த சீட்டையும் வெளுத்த கறுப்புப் பெயின்டையும் அப்படியே விட்டான். எழுத்துக்குக் கீழே ஒரு துரு மட்டும் கொப்புளித்திருந்தது. அதை விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? எழுத்தின் மேல் டேப்பை ஒட்டிவிட்டு, துருவில் பெயின்ட் கரைக்கும் மருந்தைப் பூசினான். பக்கத்திலேயே நின்று துடைக்க வேண்டிய சமாச்சாரம் அது. உள்ளே டிவியில் பேஸ்பால் முடியும் தறுவாய். ஒரே ஒரு பீர் என்று போனவன் திரும்பி வருவதற்குள் மருந்து டேப்புக்கு அடியில் புகுந்துவிட்டது. டேப்பை உரித்தால் அம்மாவின் எழுத்தும் பாலாடை மாதிரி சுருண்டு கூடவே வந்தது.

போர்டு எழுதும் மானுவேல் போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக எழுதி, தேய்த்துப் பழசாக்கியும் கொடுத்தான். “எழுதியாச்சு. அவகிட்ட சொல்றது உன் பாடு” என்றான். லைல் சொல்லவில்லை.

இப்போது கடை வாசலில் அப்பாவின் கூட்டாளி டச் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். “சபாஷ்டா! கண்டவனும் பளபளன்னு மினுக்கிட்டு வரான். நீ கதவைத் தொடாம விட்ட பாரு, நீதான்டா பிள்ளை!”

லைலுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

கோரி வந்தாள். நேராகப் போய்க் கதவருகே குந்தி, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். விரல் கடைசி எழுத்துக்குப் போய் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

“லைல், அந்த முடி எங்கே?”

“பழைய பெயின்ட்தானே... உதிர்ந்திருக்கும்.”

அவள் முகம் வாடிவிட்டது. “நான்தான் தொட்டுத் தொட்டே தேய்ச்சுட்டேனோ? அப்பா அப்பவே சொன்னாரு, அழுத்தாதேடின்னு. நான் கேட்டாத்தானே!”

தன் பாவத்தை அவள் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறாளே! அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

“நீ இல்ல, கோரி. நான்தான். மருந்து ஊறிப் போச்சு. இது அம்மா எழுதினதில்ல, மானுவேல் எழுதினது.”

பக்கத்தில் நின்ற டச் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“வெறும் தகரமா விட்டிருந்தாக்கூட, இந்த இடத்துலதான் அம்மா எழுதினதுன்னு தொட்டுப் பாத்திருப்பேனே” என்றாள் கோரி. “உரிஞ்சு வந்ததை என்ன பண்ணே?”

டிக்கியைத் திறந்து ஒரு காப்பி டப்பாவை எடுத்து வந்தான். தூக்கிப்போட மனசு வராமல், கொடுக்கவும் தைரியம் வராமல் அதை அங்கேயே வைத்திருந்தான். டேப்பும் வெள்ளைப் பொருக்குமாகக் கிடந்தது. கோரி தரையிலேயே உட்கார்ந்து டப்பாவை மடியில் கவிழ்த்தாள். ஒவ்வொரு பொருக்காக விரல் நுனியால் தடவிப் பார்த்தாள்.

லைலும் மண்டியிட்டு ஒரு பொருக்கை எடுக்கப் போனான்.

“நீ தொடாதே” என்றாள் அவள்.