சுவரைப் பார்த்த பக்கம்

நகக்கண்களில் ஏறியிருந்த பச்சைப் பெயிண்ட் போகவில்லை. சென்னியம்மாள் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கணவனின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உடுங்க அண்ணி. போற கட்டைக்கு இது எதுக்கு?" என்றான் கொழுந்தன் தீர்த்தகிரி.

அவள் விடவில்லை. வாசலில் பஸ் முதலாளி பாலசுந்தரம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"காளியப்பன் நல்ல வேலக்காரந்தானுங்க. இந்த ஒண்ணுலதான் சறுக்கிட்டான். பஸ்ஸுல ஒரு பக்கம் பூராப் பெயிண்டு பாலாடையாட்டம் சுருங்கிப்போச்சு. கைப்பக்குவம் தப்பிருச்சேன்னு மனசு உட்டுட்டானாட்ட இருக்குது. போச்சாது, நான் ஒண்ணும் சொல்லுல."

"பெரிய மனசுங்க உங்குளுக்கு."

துணி அவள் கையில் நின்றது.

பஸ் பெயிண்ட் அடிக்கும் கொட்டகைக்கு வந்த அன்று அவள் அங்கேதான் இருந்தாள். காளியப்பன் தின்னரில் ஒரு துணியை நனைத்து, பஸ்ஸின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கை கழுவிவிட்டுத் துணியை எடுத்தபோது பழைய பெயிண்ட் தோலாக எழும்பி வந்தது.

"அடியில இருக்கறது எண்ணெப் பெயிண்டுங்க. நீங்க வாங்கியாந்த சீமைப் பெயிண்ட நேராப் பீச்சுனா அடியத் தின்னு தூக்கிரும். ஒண்ணு தகரம் வரைக்கும் சொரண்டோணும். இல்லீன்னா அரக்கக் கரைச்சு ரெண்டு பூச்சு நடுவுல உடோணும். பத்து நாள் குடுங்க."

"தேருக்கு எட்டு நாள்தான் கெடக்குது, இவனுக்குப் பத்து நாளாமா! அரக்கெல்லாம் நகைப் பட்டறையில வெச்சுக்க" என்றார் முதலாளி.

காளியப்பன் வாதாடவில்லை. அவர் சேலம் போயிருந்த இரண்டு நாளில் இடது பக்கம் முழுவதையும் தேய்த்து அரக்குப் பூசிவிட்டான். திரும்பி வந்தவர் அரக்குச் சட்டியை எட்டி உதைத்தார். இடது பக்கம் அரக்கின்மேலும், வலது பக்கம் அவர் சொன்னபடியே நேராகவும் பெயிண்ட் பீச்சப்பட்டது. மறுநாள் காலையில் வலது பக்கம் சுருங்கிக் கிடந்தது.

"தின்னர ஊத்தி அத்தனையும் வழிச்செடு. கதவச் சாத்தி, சன்னல்ல சாக்கக் கட்டு. ஊரு பாத்தாச் சிரிக்கும்" என்றார் முதலாளி.

மதியம் சோற்றுப் போசியோடு போன சென்னியம்மாள்தான் அந்தக் கதவைத் திறந்தாள். தின்னர் நெடி முகத்தில் அறைந்தது. அவன் வலது பக்கச் சக்கரத்தருகே மூச்சில்லாமல் குப்புறக் கிடந்தான். இரண்டு கை அகலம்கூட வழித்திருக்கவில்லை.

வீட்டிலிருந்து பாடை தெருமுனைக்கு வந்தது. பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. அங்கே இறக்கிவைத்து வாய்க்கரிசி போடுவார்கள். காளியப்பன் பெயிண்ட் அடித்த அதே பஸ்தான் ஜலகண்டாபுரத்து உறவுகளை ஏற்றிவந்து அங்கே நின்றது, முதலாளியின் உபகாரம். வலது பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. தெருவைப் பார்த்த இடது பக்கம் கண்ணாடியாக மின்னியது. அதன்மேல் சுண்ணாம்புக் கட்டியால் அவள் எழுதிய ஊர்ப்பெயர்கள் இருந்தன: சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு. அவனுக்கு எழுத்துத் தெரியாது. எப்போதும் அவள் எழுதிய கோட்டின்மேல்தான் அவன் தூரிகை போகும்.

"மொதலாளி" என்றாள்.

"என்ன அம்மிணி?"

"கெட்டுப்போன பக்கம் எங்கூட்டுக்காரரு கைன்னு சொன்னீங்க. இந்தப் பக்கம் ஆரு கைங்க?"

"எழவெடுக்கற எடத்துல இதென்ன பேச்சு!"

"நீங்க வாசல்ல பேசுனீங்க. நான் தெருவுல கேக்கறேன்."

ஒப்பாரி நின்றுவிட்டது.

"இது அவரு அரக்குப் பூசுன பக்கம். அது நீங்க சட்டிய ஒதைச்ச பக்கம். சாமிகளா, ஒருக்காச் சுத்திப் பாத்துப்போட்டு வந்து அரிசி போடுங்க."

"டேய் சின்னராசு, வண்டிய எடுத்துட்டுப் போடா" என்றார் முதலாளி.

டிரைவர் சின்னராஜ் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். ஏறி வண்டியைக் கிளப்பினான். சுவரைவிட்டு ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு நகர்த்தி அங்கேயே நிறுத்தி, இறங்கிக்கொண்டான்.

முதலில் தீர்த்தகிரி போனான். பிறகு ஜலகண்டாபுரத்துக்காரர்கள், அப்புறம் பெண்கள். இடது பக்கத்தைத் தடவிக்கொண்டே போய் வலது பக்கத்தைத் தொட்டார்கள். அங்கே பெயிண்ட் இன்னும் காயவில்லை. தொட்ட விரலோடு வந்தது. ஒரு கிழவர் விரலை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரிசி முறத்தை நாத்தனாரிடமிருந்து வாங்கிச் சென்னியம்மாள் தானே பிடித்தாள். அது வழக்கமில்லை, யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு கையாக அரிசியை அள்ளியது. அவள் தேய்த்துத் தேய்த்துப் போகாத அதே பச்சை எல்லா விரல்களிலும் இருந்தது. காளியப்பனின் உதட்டில் விழுந்த அரிசியிலும் இருந்தது.

கடைசியாகப் பாலசுந்தரம் கையை நீட்டினார். விரல்கள் சுத்தமாக இருந்தன.

அவள் முறத்தை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.