இரண்டு மில்லி

"அசையாதீங்க அண்ணி. மூச்சு மட்டும் விட்டா போதும்," என்றான் மணியம், காரின் வலது முன்சக்கரத்தின் அருகே தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு.

மாதவி மூச்சை மட்டும் விட்டாள். ஓட்டுநர் இருக்கையில் அவள். அவள் மடியில் பத்துக் கிலோ அரிசிப் பை. அதன்மேல் ஐந்து கிலோப் பை. அதற்கும் மேலே ஒரு கிலோ சீனிப் பொட்டலம். ஐம்பது வயதுப் பெண்மணி காலை பத்து மணிக்கு மளிகைக் கடையையே மடியில் வைத்துக்கொண்டு ஓடாத காரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அந்தத் தோட்டத்து வீட்டு வரிசையில் அன்று யாரும் சிரிக்கவில்லை. கார் நின்ற கொட்டகையை ஒட்டிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அவள் கணவர் ஹேமநாதன் செத்துக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கல்லீரல் கைவிட்டுவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஹேமநாதனுக்குச் சாப்பாட்டில் ஆசை இல்லை. கொட்டகையில் பேசுவது காதில் விழவேண்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னார். பிறகு மணியத்தைக் கூப்பிட்டார்.

"ரேஸ் ஸ்பிரிங்கெல்லாம் கழட்டிரு லா. பழைய ஸ்பிரிங்க போடு. பேக்டரியில இருந்து எந்த ஹைட்ல வந்துச்சோ அந்த ஹைட்ல நிக்கணும். மாதவி மந்தின் டவுனுக்கு சாமான் வாங்கப் போக ஓட்டட்டும். இப்ப இருக்கிற மாதிரியே இந்த ரோட்டுல ஓட்டுனா அவ இடுப்பு போயிரும்."

அந்த வெள்ளை சாகா கார் அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம். பிள்ளை இல்லாத வீட்டில் செல்லமெல்லாம் அதற்குத்தான். ஹேமநாதன் செம்பனை எண்ணெய் ஆலையில் மெஷின்களைப் பொருத்துகிற பிட்டர்; மணியம் அதே ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் செப்பாங் பந்தயத் தடத்தில் காரை ஓட்டுவது மணியம், அதை ஓட வைப்பது ஹேமநாதன். பரிசு என்று பெரிதாக எதுவும் வந்ததில்லை. இருவரும் ஒவ்வொரு தடவையும் ஏதோ உலகத்தையே ஜெயித்த மாதிரி எண்ணெய்க் கறையோடு வீடு திரும்புவார்கள், மாதவி அவர்களைக் கிணற்றடிப் பக்கமே நிறுத்திச் சோப்புக் கட்டியை நீட்டுவாள்.

கார் வந்த அன்றே, ஒரு ஆணியைக்கூடக் கழற்றுவதற்கு முன், ஹேமநாதன் அதன் உயரத்தை அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே, சக்கரத்தை மூடும் பெண்டர் தகட்டின் விளிம்பு வரைக்கும், நான்கு சக்கரத்துக்கும். "எங்க நின்னுச்சுன்னே தெரியாம எவ்வளவு எறக்கணும்னு எப்படித் தெரியும்?" என்பார். மற்றவர்கள் எல்லாம் பந்தயத்துக்குக் கண்ணால் பார்த்துக் காரைத் தாழ்த்துவார்கள். இவர் மட்டும் கொட்டகைத் தரையைத் தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்த்து, டயர்க் காற்றைச் சரிபார்த்து, அரைத் தொட்டி பெட்ரோல் ஊற்றி, அதற்குப் பிறகுதான் அளவுகோலைத் தொடுவார். ஓட்டுகிறவனும் உள்ளே இருக்க வேண்டும், ஆள் ஏறினால் வண்டி அந்தப் பக்கம் அமுங்கும். மணியம் எழுபத்து நான்கு கிலோ. அன்றைக்குப் பார்த்து அவன் ஷிப்டில் மாட்டிக்கொண்டான். ஹேமநாதன் மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ எத்தன கிலோ மா?"

கொட்டகையில் ஆலைக்காரர்கள் நாலு பேர் காப்பிக் குவளையோடு நின்றிருந்தார்கள்.

"அம்பத்தெட்டு," என்றாள் மாதவி, கண் இமைக்காமல்.

உண்மையில் எழுபது. அந்த வாரம்தான் கிளினிக்கில் பார்த்திருந்தார்கள். ஐம்பத்தெட்டு என்பது கல்யாணம் ஆன புதிதில் இருந்த எடை. அதை நாலு ஆம்பிளைகள் முன்னால் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஹேமநாதன் மனக்கணக்குப் போட்டுப் பதினாறு கிலோ எடுத்து வரச் சொன்னார். அரிசி பத்து, அரிசி ஐந்து, சீனி ஒன்று. ஒரு மில்லிமீட்டரை நம்பாமல் மூன்று தடவை அளக்கிற மனிதர், மனைவி சொன்ன கிலோவை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

அன்று பிடித்தது சனியன். அதற்குப் பிறகு மணியத்தை உட்கார வைத்து அளந்தபோதெல்லாம் வலது முன்பக்கம் மட்டும் கணக்குக்கு வரவில்லை. முப்பது மில்லி இறங்க வேண்டிய இடத்தில் இருபத்தெட்டுதான் இறங்கியது. அம்பாங்கானில் ஸ்பிரிங் வாங்கிய கடைக்கு மூன்று முறை போய்ச் சண்டை போட்டார். கொட்டகைத் தரையை உடைத்துப் புதிதாகச் சிமெண்டு போட்டார். இரண்டு மில்லி அசைந்து கொடுக்கவில்லை. பந்தயக்காரர்கள் அவருக்கு 'ரெண்டு மில்லி' என்று பெயரே வைத்துவிட்டார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஸ்பிரிங் சரி. தரையும் சரி. அப்ப என் கைதான் சரியில்ல மா," என்றார். மறுநாள் அளவுகோலை மணியத்திடம் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் ஆலையில் பிட்டர் வேலையை விட்டு ஸ்டோருக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். தப்பாக அளக்கிற கையை மெஷினுக்குள் விடக்கூடாது என்றார்.

மாதவி அன்றே சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு மில்லி எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள அவளுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. முதல் நாள் அவர் எழுதி வைத்தது, அவளுடைய பன்னிரண்டு கிலோ கூடுதலாக அமுக்கிய உயரம். முதலில் வெட்கமாக இருந்தது. அவர் ஸ்டோருக்குப் போன பிறகு பயமாகிவிட்டது. ஒரு மனுஷன் வேலையையே மாற்றிக்கொண்ட பிறகு, அது என் உடம்புக் கணக்குங்க என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்றே நான்கு வருடத்தை ஓட்டிவிட்டாள். இந்தப் பன்னிரண்டு நாளில் அந்த 'நாளைக்கு' எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டே போய்ச் சேரக்கூடாது. அவளுக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவரை எடை பார்த்து இறக்கிய தாதி, "ஆன்ட்டி, நீங்களும் ரொம்ப எளைச்சிட்டீங்க, ஏறுங்க பார்ப்போம்," என்று அவளையும் ஏற்றினாள். ஐம்பத்தெட்டு. பதினோரு மாதம் அவரைத் தூக்கி இறக்கி, அவர் சாப்பிடாததைத் தானும் சாப்பிடாமல் விட்டு, சொன்ன பொய்யை உண்மையாக்கி வைத்திருந்தாள். பதினோரு வருடத்தில் இன்றைக்குத்தான், அவள் ஏறியபோது, அந்த இருக்கையில் அவர் கேட்ட எடை சரியாக உட்கார்ந்திருந்தது.

"முந்நூத்து எழுவத்து நாலு," என்று மணியம் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "புக்குல எழுவத்து ரெண்டு ண்ணே. ரெண்டு மில்லி கூட நிக்குது."

உள்ளே இருமல் கேட்டது. "எறங்கு மா," என்றார் ஹேமநாதன். அளப்பது யாராக இருந்தாலும் அதைச் சொல்வது அவர்தான். முதல் நாளும் அவர் சொன்ன பிறகுதான் அவள் இறங்கினாள்.

பைகளை மணியத்திடம் கொடுத்துவிட்டு மாதவி கூடத்துக்கு ஓடினாள். அவருடைய அக்கா வள்ளிநாயகி சமையலறையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். ஹேமநாதனின் கண்கள் மூடியிருந்தன. கன்னம் ஒட்டி, மஞ்சள் பாரித்து, மூக்கு மட்டும் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"பாத்தியா," என்றார், லேசாகச் சிரித்துக்கொண்டே. "பழைய ஸ்பிரிங்கே போட்டாச்சு. அப்பவும் ரெண்டு மில்லி. மொத நாளே நான் தப்பா அளந்திருக்கேன்."

"இல்லீங்க."

"என்ன இல்ல? மணியம் கை நல்ல கை."

அவள் கட்டிலோரம் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த உள்ளங்கையின் காய்ப்பு நான்கு வருடத்தில் மிருதுவாகிப் போயிருந்தது. "என்னங்க, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லு. அதுக்கு முன்னால மணியத்த இன்னொரு தடவ அளக்கச் சொல்லு. வண்டிய ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு அளக்கட்டும், ஸ்பிரிங் உக்காந்திருக்காது. நீ போயி ஏறு."

"மொதல்ல நான் சொல்லிடுறேன்."

"வெயில் ஏறிட்டா டயர்ல காத்து கூடிரும் மா," என்றார் ஹேமநாதன். வேலை என்று வந்துவிட்டால் அவரை யாரும் அசைக்க முடியாது, சாவும்கூடக் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. "அளந்துட்டு வந்து சொல்லு. நான் எங்க போகப் போறேன்?"

அவள் போனாள். அதை நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறாள். ஆனால் முப்பது வருடமாக அந்தக் குரலுக்குப் போய்ப் பழகிய கால்கள் அவை. ஏறி உட்கார்ந்தாள். மணியம் முன்பக்கத்தை இரண்டு முறை அமுக்கி விட்டு, மடியில் பைகளை அடுக்கினான். முன்பக்கம் இடது, வலது, பின்பக்கம் இடது, வலது என்று சுற்றி வந்து, வலது முன்பக்கத்தை மட்டும் மூன்று தடவை அளந்தான். உள்ளே போனதும் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மாதவி யோசித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிற மாதிரியே சொல்லிவிட வேண்டும். அவர் சிரிப்பார். அடிப்பாவி என்பார்.

"அதே எழுவத்து நாலுதான் ண்ணே."

ஜன்னலிலிருந்து பதில் வரவில்லை.

"அண்ணே, கேட்டுச்சா? எழுவத்து நாலு."

மணியம் எழுந்து ஜன்னலுக்குள் பார்த்தான். பார்த்தபடியே பின்னால் வந்து, ஒரு கையைக் காரின் கூரையில் ஊன்றிக்கொண்டான். அவன் பாரத்தில் கார் லேசாக அமுங்கியதை மாதவி உணர்ந்தாள். அசையாதே என்று சொன்னவனே அளக்கும்போது காரில் கை ஊன்றுகிறான் என்றால் இனி அளக்க எதுவும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. உள்ளேயிருந்து வள்ளியக்காவின் குரல் எழுந்தது. இறங்கச் சொல்ல ஆள் இல்லாததால் மாதவி பதினாறு கிலோவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து மணியம் சீனிப் பொட்டலத்தை மெல்ல எடுத்தான்.

மறுநாள் மதியம் எடுப்பதாக முடிவானது. காலையிலிருந்தே ஆலைக்காரர்களும் பந்தயக்காரர்களும் வந்து கொட்டகையை நிறைத்தார்கள். அம்பாங்கான் ஸ்பிரிங் கடைக்காரரும் மாலையோடு வந்திருந்தார். பெட்டிக்கு அருகே உட்கார்ந்திருந்த மாதவியின் காதில் வாசற்படியில் அவர் பேசுவது விழுந்தது.

"ரெண்டு மில்லிக்காக மூணு தடவ வந்து என்னைய ஏசுனாரு, பாவம். நல்ல மனுஷன். கடைசியில அவரே ஒத்துக்கிட்டாரு லா, அவரு கைதான் தப்புன்னு." சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் பிரியமாகத் தலையாட்டினார்கள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். வள்ளியக்கா மாதவியைக் கைத்தாங்கலாக எழுப்பி, உள்ளங்கையில் அரிசியை வைத்தாள். மாதவி குனிந்தாள்.

"என்னங்க," என்றாள். அழுகிற குரலில்லை; சமையலறையிலிருந்து அவரைக் கூப்பிடுகிற குரல். கூடம் முழுக்க, வாசற்படி வரைக்கும் கேட்டது. "அன்னிக்கு நான் அம்பத்தெட்டு கிலோ இல்லீங்க. எழுவது."

வள்ளியக்கா பதறி அவள் தோளைப் பிடித்தாள். "துக்கத்துல என்னமோ பேசுறா. பிடிங்க, பிடிங்க."

"எனக்கு ஒன்னுமில்லக்கா." மாதவி தோளை விடுவித்துக்கொண்டாள். "எழுவது கிலோவ வச்சுக்கிட்டு அம்பத்தெட்டுன்னு பொய் சொல்லிட்டேன். ஒங்க கை சரியாத்தாங்க அளந்துச்சு."

அரிசியைப் போட்டாள். உதட்டோரம் ஒட்டிக்கொண்ட மணிகளைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அடுத்தவர் வர இடம் விட்டு நகர்ந்தாள்.

கால்மாட்டில் நின்றிருந்த மணியம் விரல்களை மடக்கி மடக்கி எதையோ கழித்துக்கொண்டிருந்தான். கணக்கு முடிந்ததும் நிமிர்ந்து வாசற்படியில் நின்ற ஸ்பிரிங் கடைக்காரரைப் பார்த்தான். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவும் தோன்றாமல், பையில் வைக்கவும் தோன்றாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.