நான்கு மணிச் சட்டை

பிரசங்கியார் சிறைக்குப் போன ஆண்டிலிருந்து, சலவைக்கடையின் முதல் ஆணியில் தொங்கிய அவருடைய வெள்ளைச் சட்டை, யார் உடம்பிலும் ஏறாமலே தினமும் மாலை நான்கு மணிக்கு அழுக்கானது. முதலில் கழுத்துப்பட்டையில் ஒரு கறுப்புக் கோடு விழும். பிறகு அக்குள் நனையும். கடைசியாக முழங்கைப் பக்கம் மண் ஏறும். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சலவைக்காரம்மா அதை எடுத்துத் துவைத்து, நீலம் போட்டு, காயவைத்து, மறுநாள் காலையில் அதே ஆணியில் மாட்டுவாள். முதல் மாதம் தெருவில் இருபது பேர் வந்து பார்த்தார்கள். இரண்டாம் மாதம் மழை பிடித்துக்கொண்டது, யாரும் வரவில்லை.

சட்டை ஒரு குழந்தையோடு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், வேதாகமத்தைத் திறப்பதே குற்றமாயிருந்த ஊர்களில் வீடு வீடாகப் போய் ஜெபம் நடத்தியவர் பிரசங்கியார். மனைவி பிரசவத்திலேயே போய்விட்டாள். அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது ஆறு வயது மகளை யார் யாரோ கைமாற்றி, ரயிலேற்றி, இந்த ஊர்ச் சபையில் கொண்டுவந்து விட்டார்கள். தகப்பன் உயிரோடு இருப்பதால் அநாதை என்று எழுத முடியாது என்றது அநாதை இல்லம். அப்படியானால் தகப்பன் எங்கே என்று கேட்டதற்கு, அதை எழுத விண்ணப்பத்தில் இடமில்லை என்றது. அந்த ஞாயிறு ஆராதனையின் முடிவில், துன்பப்படுகிற விசுவாசிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு குடும்பம் என்னென்ன செய்யலாம் என்று போதகர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். சிறைக்குக் கடிதம் எழுதலாம் என்றதும் நாற்பது கைகள் உயர்ந்தன. கம்பளி அனுப்ப முப்பது. பெயர் சொல்லி ஜெபிக்க எல்லாக் கைகளும். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள யார் முன்வருவீர்கள் என்றபோது ஒரே ஒரு கை, சலவைக்காரம்மாவுடையது. அதுவும் நழுவிய கொண்டை ஊசியைச் செருகத் தூக்கிய கைதான் என்று சலவைக்காரம்மாவின் கணவரான இஸ்திரிக்காரர் தம் கடைசி நாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அதை மறுத்ததே இல்லை.

"ஊசியைக் குத்தினோமா, கையைக் கீழே போட்டோமான்னு இருந்திருக்கணும். இப்ப பாரு, பின்னக் கணக்கெல்லாம் நான் படிக்க வேண்டியதா இருக்கு."

"படிங்க. இந்த வயசுலயாவது ஏறுதான்னு பாப்போம்."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பதினோரு ஆண்டுகளாக அந்த வீட்டின் சாயங்காலங்களில் இஸ்திரிப்பெட்டியில் கரி அவியும் சத்தம் ஒன்றுதான் கேட்டது. சிறுமியின் பையில் மூன்று கவுன்களும் அந்தச் சட்டையும் இருந்தன. கடைக்கு வரும் துணி எதுவானாலும் அதன் உட்புறத்தில் அழியாத மையால் குறி போடுவார்கள். எது யாருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது அதில்தான் தெரியும். வீட்டுத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. சலவைக்காரம்மா சட்டைக்கு ஒரு வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் போட்டாள். பிறகு கவுன்களை எடுத்தாள். மைக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். குறி போடாமலே மடித்து வைத்துவிட்டாள். அது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் போகவேண்டிய பிள்ளைதானே அது.

சலவைக்காரர்களுக்கு அழுக்கு ஒரு கடிதம் மாதிரி. முதலாம் ஆண்டு முழுக்கச் சட்டையில் செங்கல் தூள் இருந்தது. இரண்டாம் ஆண்டு சுண்ணாம்பு. மூன்றாம் ஆண்டு மண்ணே இல்லை, பூஞ்சைப் புள்ளிகள் மட்டும். வெயில் படாத அறைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று அவள் கணவரிடம் சொன்னாள். அந்த ஆண்டில் ஒன்பது நாள் முதுகுப் பக்கம் ரத்தம் வந்தது. ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது. பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, கசக்காமல், உள்ளங்கையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அவள் வாய்விட்டு ஜெபித்துப் பழகியவள் இல்லை. நான்காம் ஆண்டில் விடுதலையாகி வந்த ஒருவன் கடைக்கு வந்து, தண்ணீரே காணாத அந்தச் சிறையில் பிரசங்கியார் மட்டும் தினமும் காலையில் சோப்பு வாசனையோடு எழுந்திருப்பதாகவும், முதுகுக் காயங்கள் தாமாக ஆறியதாகவும், காவலர்கள் சோப்பைத் தேடித் தரையையே தோண்டிப் போட்டதாகவும் சொன்னான். என்ன சோப்பு என்று கேட்டான். சாதா பார் சோப்புதான் என்றாள். விசாரிக்க ஓர் அதிகாரியும் வந்தார். நான்கு மணி வரை உட்கார்ந்து பார்த்தார், குறிப்பெடுத்தார், போகும்போது தம் கால்சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

சிறுமி அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே இஸ்திரிக்காரர் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தார். பள்ளிவிட்டு வந்ததும் அவள் ஆணியடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சட்டை அழுக்காவதைப் பார்ப்பாள். அழுக்கானதும் கழுத்துப்பட்டையை முகர்ந்துகொண்டு மெல்லிய குரலில் எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள். கட்டுரைக்குக் கிடைத்த பரிசு, தோழியோடு வந்த சண்டை, வயிற்றுவலி என்று ஒன்று விடாமல். காயப்போட்ட போர்வைகளுக்கு அந்தப் பக்கம் நின்று சலவைக்காரம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். தன்னிடம் அவள் சொல்வதெல்லாம் "சாப்பிட்டேன் அத்தை", "போயிட்டு வரேன் அத்தை" அவ்வளவுதான். ஒரே கூரையின் கீழ் மூன்று பேரும் ஒரு சட்டையும் இருக்க, ஒவ்வொருவரும் தனியாகவே இருந்தார்கள்.

எட்டாம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குச் சட்டை அழுக்காகவில்லை. நாலே காலுக்கும் வெள்ளையாகவே இருந்தது. இதற்கு இரண்டே அர்த்தம்தான் இருக்க முடியும். ஒன்று, அந்த உடம்புக்கு இனி வேர்க்காது. இல்லையென்றால் அவர் விடுதலையாகி வேறு உடுப்பு போட்டுக்கொண்டு நடந்து வந்துகொண்டிருக்கிறார். முதலாவது என்றால் பெண் இங்கேயே இருப்பாள், இரண்டாவது என்றால் போய்விடுவாள். இரண்டில் எதைத் தன் மனம் முதலில் தொட்டது என்பது சலவைக்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நல்லவேளையாக அன்று பள்ளியில் விளையாட்டுப் போட்டி. பெண் வரத் தாமதம். சலவைக்காரம்மா வாசலிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வந்து, கரிச்சாம்பலோடு கலந்து, கழுத்துப்பட்டையில் தேய்த்தாள். எட்டு வருஷமாகச் சட்டையில் அழுக்கை எடுத்தவள் அன்று ஏற்றினாள். மறுநாளும் போட்டி இருந்தது. மூன்றாம் நாள், அழுக்கு இப்போதெல்லாம் மூன்று மணிக்கே வந்துவிடுகிறது என்று சொல்லிவைத்தாள். இஸ்திரிக்காரர் பார்த்தார், இஸ்திரிப்பெட்டியில் கரி போட்டார்.

ஆறாம் நாள் பெண் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியடிக்கு வந்தாள்.

"அத்தை, இது நம்ம தெரு மண்ணு."

"அப்படியா?"

"எட்டு வருஷமா மோந்து பாக்குறேன். இதுல அப்பா இல்ல."

சலவைக்காரம்மா தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "பயந்துட்டேன்டி," என்றாள்.

"நானும்தான்," என்றாள் பெண். சட்டையைக் கொடுக்காமல் அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்தாள். எதற்குப் பயம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அன்றுதான் அவர்கள் முதன்முறையாக நிறையப் பேசினார்கள். விளக்கு ஏற்ற மறந்துபோனது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு மெலிந்த ஆள் கடை முன்னால் வந்து நின்றார்.

"ஒரு சட்டை இருக்குன்னு சொன்னாங்கம்மா."

"சீட்டு இருக்கா?" என்றாள் அவள், பழக்கத்தில்.

"இல்லையே. தினமும் காலையில எழுந்து நன்றி சொல்லுவேன். யாருக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு."

முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கழுத்தை அவள் எட்டு ஆண்டுகள் துவைத்திருந்தாள். குறியைச் சரிபார்த்து, சட்டையை மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். போட்டுப் பார்த்தபோது அதற்குள் இன்னோர் ஆளுக்கும் இடம் இருந்தது. மகளுக்கும் அடையாளம் தெரியவில்லை; கிட்டே போய் முகர்ந்து பார்த்த பிறகுதான் அழுதாள்.

கடலோர ஊர் ஒன்றில், இன்னும் சிறையிலிருப்பவர்களின் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் இருந்தது. அதை நடத்தப் பிரசங்கியாரைக் கேட்டிருந்தார்கள். வருகிறாயா என்று அவர் கேட்டதும் பெண் அத்தையைத்தான் பார்த்தாள். இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவாள். அந்த வார்த்தை சலவைக்காரம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது.

"போ. அப்பாவுக்குச் சட்டை துவைக்க இனிமே அங்கதானே ஆள் வேணும்," என்றாள்.

இஸ்திரிக்காரர் பெண்ணின் துணிகளையெல்லாம் தேய்த்தார். முடித்ததும் பிரித்துப் போட்டு மறுபடி தேய்த்தார். "ரயில் போயிடும்," என்று மனைவி சொன்ன பிறகுதான் பெட்டியை நிறுத்தினார். அவர்கள் போன பிறகு பார்த்தால் முதல் ஆணியில் பெண்ணின் பள்ளிச் சீருடை தொங்கியது.

"வாயாடி மறந்துட்டுப் போயிட்டா பாரு."

"மறக்கல," என்றாள் சலவைக்காரம்மா.

இரண்டு நாள் நான்கு மணிக்கு முக்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சீருடையின் பையோரத்தில் ஒரு சொட்டு மை தெரிந்தது. விளிம்பில் கடற்கரை மணல். அவள் எழுந்து தண்ணீர் பிடித்தாள்.

அதன் பிறகு ஆண்டுகள் வழக்கம்போலப் போயின. சீருடையில் மை நின்று சுண்ணக்கட்டித் தூள் வரத் தொடங்கியபோது, பெண் ஆசிரியை ஆகிவிட்டாள் என்று அவர்களுக்குக் கடிதத்துக்கு முன்பே தெரிந்தது. இஸ்திரிக்காரர் காலமான வாரத்தில் அதன் வலது கை மட்டும் ஐந்து நாள் ஈரமாயிற்று. காய்ந்தால் உப்புப் பூத்தது. பிறகொரு நாள் தோள்பட்டையில் பால் கறை வந்தது. அன்று சலவைக்காரம்மா கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, சொல்ல ஆளில்லாமல், தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தாள். பிரசங்கியார் தம் இல்லத்துப் பிள்ளைகளின் தகப்பன்மார் சட்டைகளைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பியிருந்தார். ஆறு சட்டைகள். ஆறுக்கும் ஆணி அடித்து, ஆறு குறி போட்டாள். நான்கு மணிக்கு ஏழும் அழுக்காகும். முதலில் ஆறையும் துவைப்பாள், கடைசியில் சீருடையை.

புதிதாக வருபவர்கள் அதன் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு மட்டும் ஏன் குறி போடவில்லை என்று கேட்பதுண்டு.

"அது வீட்டுத் துணி," என்பாள்.